செங்கோட்டைக் கணக்கைத் தீர்த்த உப்பு

ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை, உள்ளே போகாமல், ஆளையும் பார்க்காமல், மளிகைப் பில்லை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியுமா? நாலைந்து பேர் உள்ள வீடென்றால், அனுபவப்பட்ட பலசரக்குக் கடைக்காரரே சொல்லிவிடுவார். ஆனால் உள்ளே இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். இடம் டில்லிச் செங்கோட்டை. பில்லை எழுதியவர் மீதும் சந்தேகம் என்றால்?

1947-ல் இந்திய அரசாங்கத்தின் முன் வந்து நின்ற கேள்வி இதுதான். விடை கண்டவர்கள் போலீஸாரும் அல்ல, தணிக்கை அதிகாரிகளும் அல்ல, புள்ளியியல் நிபுணர்கள். அவர்களுக்குக் கைகொடுத்த பண்டம் உப்பு.

இந்தச் சம்பவத்தை எழுதி வைத்தவர் சி. ஆர். ராவ். அன்றைய சென்னை ராஜதானியில் சேர்ந்திருந்த பெல்லாரி ஜில்லாவின் ஹடகலியில் 1920-ல் பிறந்தவர். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் மகலநோபிஸிடம் சேர்ந்து, பிறகு உலகப் புகழ் பெற்றார். 2023-ல், 102 வயதில், சர்வதேசப் புள்ளியியல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். கணித மேதை ராமானுஜனின் நினைவாக அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1989-ல் டில்லியில் நூலாக வெளிவந்தன. 'புள்ளியியலும் உண்மையும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சூத்திரங்கள் மண்டிய ஒரு சாஸ்திரத்தைச் சாமான்யருக்கு விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் செங்கோட்டைக் கதையும் ஒன்று.

கோட்டைக்குள் எத்தனை பேர்?

ஆகஸ்டில் விடுதலை வந்தது; கூடவே பிரிவினையும் வந்தது. செப்டம்பரில் டில்லித் தெருக்களில் கலவரம் மூண்டது. உயிருக்கு அஞ்சிய முஸ்லிம் குடும்பங்கள் வீடு வாசலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, காவலுள்ள இடங்களைத் தேடி ஓடின. ராவ் தரும் விவரப்படி, பெருங்கூட்டம் செங்கோட்டைக்குள்ளும், அதைவிடச் சிறிய கூட்டம் ஹுமாயூன் சமாதியைச் சுற்றியும் தஞ்சம் புகுந்தன. (அந்த நாட்களின் டில்லியைப் பற்றி எழுதிய சரித்திர ஆசிரியர்கள் ஹுமாயூன் சமாதியோடு புரானா கிலாவைத்தான் அதிகம் குறிப்பிடுகிறார்கள். ராவ் எழுதியிருப்பது செங்கோட்டை என்றே.)

தஞ்சம் புகுந்தவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு அரசாங்கத்துடையது. அந்த வேலை காண்டிராக்டர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் தினமும் இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு உப்பு என்று பில் கொடுத்தார்கள். உள்ளே எத்தனை பேர் என்பது யாருக்குமே தெரியாததால், நீட்டிய பில்லுக்குப் பணம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. எங்கோ இடிக்கிறது என்று அதிகாரிகளுக்குப் பட்டது. எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கலாம் என்று யோசனை பிறந்தது.

நேரே போய்த் தலைகளை எண்ணிவிட்டு வரலாமே என்றால், அதற்கும் வழியில்லை. எண்ணப் போகிறவர்கள் பெரும்பான்மைச் சமூகத்தினர். அந்த நாட்களில் அவர்கள் கோட்டைக்குள் போனால் பத்திரமாகத் திரும்புவார்கள் என்று உறுதி சொல்ல ஒருவரும் தயாராக இல்லை. ஆகவே வெளியில் இருந்தபடியே, கூட்டம் எவ்வளவு அடர்த்தி என்று ஒரு முறை எட்டிப் பார்க்கக்கூட வசதியில்லாமல், எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும்.

விடை பிசகினால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கூட்டிச் சொன்னால் கஜானாவுக்கு நஷ்டம், அவ்வளவுதான். குறைத்துச் சொன்னாலோ, உள்ளே இருப்பவர்களுக்குப் படியளக்கும் அரிசி குறையும். வெளியே தலைகாட்ட முடியாத ஜனங்கள் அவர்கள். கடைக்குப் போய்ப் பற்றாக்குறையைச் சரிக்கட்டிக் கொள்ளவும் முடியாது.

மூன்று பண்டம், மூன்று விடை

நிபுணர்களிடம் இருந்தவை இரண்டே சாமான்கள். ஒன்று காண்டிராக்டர்களின் பில். மற்றொன்று, ஒரு மனிதன் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு உப்பு சாப்பிடுகிறான் என்று முன்பே எடுத்து வைத்திருந்த நுகர்வுக் கணக்கு. மொத்த அரிசியைத் தலைக்கு ஆகும் அரிசியால் வகுத்தால் ஆள் கணக்கு வந்துவிடும். பருப்பிலும் வரும், உப்பிலும் வரும். பில் நேர்மையானதென்றால் மூன்று விடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

ராவ் இதை எண்களால் சொல்லவில்லை; அல்ஜீப்ரா எழுத்துக்களை வைத்தே விளக்குகிறார். புரிவதற்காகக் கற்பனையாகச் சில எண்களை வைத்துக்கொள்ளலாம். அரிசி பில் 10,000 சேர். தலைக்கு அரைச் சேர் என்றால் உள்ளே 20,000 பேர். பருப்பு பில் 1,600 சேர். சேருக்கு 80 தோலா, தலைக்கு எட்டுத் தோலா என்றால் 16,000 பேர். உப்பு பில் 150 சேர். தலைக்கு ஒரு தோலா என்றால் 12,000 பேர். ஒரே கோட்டை, ஒரே நாள், மூன்று ஜனத்தொகை!

உண்மையில் நடந்ததும் இந்த மாதிரிதான். அரிசிக் கணக்கு எல்லாவற்றிலும் பெரிய எண்ணைக் கொடுத்தது. உப்புக் கணக்கு எல்லாவற்றிலும் சிறிய எண்ணைக் கொடுத்தது. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுப்பதுதான் புதிதாகப் பாடம் படித்தவன் செய்கிற காரியம். நிபுணர்கள் அதைச் செய்யவில்லை. மூன்று சாட்சிகள் முரணாகப் பேசும்போது, எந்தச் சாட்சிக்குப் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது என்று பார்த்தார்கள். அரிசி விலை உயர்ந்த பண்டம். ஒரு மூட்டையைக் கூட்டி எழுதினால் காசு. உப்பைக் கூட்டி எழுதி என்ன லாபம்? அன்று உப்பு அவ்வளவு மலிவு. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் உப்பு வரியும் ஒழிந்திருந்தது. 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் எந்த வரியை எதிர்த்து ஜனங்கள் நடந்தார்களோ, அதே வரி. காந்திஜியும் ராஜாஜியும் நடந்தபோது, பின்னாளில் காண்டிராக்டர் பில்லைப் பிடிக்க உப்பு உதவும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. வசதி வந்தால் மனிதன் நெய்யைக் கூட்டிக்கொள்வான். கஷ்டம் வந்தால் பருப்பைக் குறைத்துக்கொள்வான். உப்பு அநேகமாக மாறுவதில்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் நாக்கு ஒன்றுதான். பங்களாவிலும் குடிசையிலும் தலைக்கு ஆகும் உப்பில் பெரிய வித்தியாசம் இராது. ஆளை எண்ணுவதற்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் சமையலறையில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ஆகவே உப்பு கொடுத்த எண்ணையே அகதிகளின் எண்ணிக்கையாக நிபுணர்கள் சொன்னார்கள். அதோடு விட்டுவிடவுமில்லை. ஹுமாயூன் சமாதி முகாமில் கூட்டம் குறைவு. அங்கே எத்தனை பேர் என்ற தகவல் வேறு வழியாகவும் கிடைத்தது. அந்த முகாமுக்கும் உப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் நெருங்கி வந்தன. விடை தெரிந்த இடத்தில் முறையைச் சோதித்தாகி விட்டது. இனி விடை தெரியாத இடத்திலும் ஓரளவு நம்பலாம். கதையைச் சொல்கிறவர்கள் பலர் உப்போடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உப்பைவிட முக்கியமானது இந்தச் சோதனை. அது இல்லாவிட்டால் உப்புக் கணக்கும் ஒரு சாமர்த்தியமான ஊகம்தான். ஊகத்தை நம்பி ஆயிரக்கணக்கானவர்களின் சாப்பாட்டைக் குறைக்க முடியாது.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஜே. எம். சென்குப்தா. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். ராவ் அவர் பெயரை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். புதிய அரசாங்கத்தின் கண்ணில் புள்ளியியலுக்கு மதிப்பு உயர இதுவும் ஒரு காரணம் என்பது ராவின் அபிப்பிராயம். 1949-ல் மகலநோபிஸ் மத்திய மந்திரி சபைக்குக் கௌரவப் புள்ளியியல் ஆலோசகரானார். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது.

பிட்ஸா சொன்ன ஜோசியம்

சாப்பாட்டை வைத்து வெளியிலிருந்து உளவறியும் வித்தைக்கு அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு. 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அதற்கு முந்தின இரவு, அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ. ஒரே ராத்திரியில் 21 பிட்ஸா வரவழைத்தது, அது ஒரு ரிகார்டு என்று வாஷிங்டன் வட்டாரத்தில் டாமினோஸ் கடைகள் பல வைத்திருந்த ஃபிராங்க் மீக்ஸ் சொன்னார். அடுத்த ஜனவரியில் வளைகுடாப் போர் வெடித்தபோதும் இதே பேச்சு. பென்டகனில் இரவு விளக்கு அணையாமல் எரிந்தால் பிட்ஸா வியாபாரம் கூடும். பிட்ஸா வியாபாரம் கூடினால் எங்கோ குண்டு விழப் போகிறது! பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. இன்றும் யுத்தச் செய்தி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தப் பிட்ஸா ஜோசியத்தைக் கிளப்பாமல் இருப்பதில்லை.

கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. சென்குப்தாவின் உப்போடு வைத்துப் பார்த்தால்தான் இதில் என்ன குறை என்பது தெரியும். சாதாரண இரவில் எத்தனை பிட்ஸா போகும்? 21 பிட்ஸா போயும் போர் வராத இரவுகள் எத்தனை? போர் வந்தும் பிட்ஸா போகாத இரவுகள் எத்தனை? இவற்றுக்குக் கணக்கில்லை. தவிர, விற்கிறவரே விளம்பரத்துக்காகச் சொல்கிற கணக்கு அது. செங்கோட்டைக் காண்டிராக்டரின் அரிசி பில்லைப் போல. பலித்த ஜோசியத்தை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும், பலிக்காததை மறந்துவிடும்.

ஏழு நாளா, முப்பது நாளா?

டில்லியில் பிட்ஸா புதிதல்ல. கன்னாட் பிளேஸ் நிரூலாஸில் பிள்ளைகளுக்குப் பிட்ஸா வாங்கிக் கொடுத்த கரோல் பாக் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1996-ல் டாமினோஸ் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்ததும் டில்லியில்தான். சமையலறையில் தயாராகும் சாப்பாடு குறைந்து, கதவைத் தட்டி வரும் சாப்பாடு கூடக் கூட, தேசத்தின் தட்டை எண்ணுகிறவர்களுக்குச் சங்கடம் ஆரம்பித்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். மாதிரி ஆய்வின் தத்துவம் அதுதான் என்று சொல்வதும் வழக்கம். ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டும். எடுத்த பருக்கையும் உண்மையைச் சொல்ல வேண்டும். முதலாவதற்கு மகலநோபிஸின் சீடர்கள் நல்ல வழி கண்டார்கள். இரண்டாவதுதான் பெரும்பாடு. வீட்டுக்கு வரும் ஆய்வாளர், 'போன மாதம் எவ்வளவு பருப்பு வாங்கினீர்கள், எவ்வளவு எண்ணெய்?' என்று கேட்கிறார். எந்த இல்லத்தரசி தராசோடு உட்கார்ந்திருக்கிறாள்? ஒரு வாரக் கணக்கைக் கேட்டால் ஞாபகம் நன்றாக இருக்கும். ஆனால் அந்த வாரத்துக்கு முன்பு நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுண்டு. ஒரு மாதக் கணக்கைக் கேட்டால் மறதி புகும்.

மகலநோபிஸ் 1950-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தே பார்த்தார். மேற்கு வங்கக் கிராமங்களில் சில வீடுகளில் ஒரு வாரக் கணக்கு, சில வீடுகளில் ஒரு மாதக் கணக்கு, சில வீடுகளில் உட்கார்ந்து உண்மையாகவே எடை போடுவது. மாதக் கணக்குத்தான் எடைக்கு நெருங்கி வந்தது. ஹுமாயூன் சமாதியில் செய்த அதே காரியம்: விடை தெரிந்த இடத்தில் முறையைப் பரீட்சிப்பது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் முப்பது நாள் கணக்கே நிலைத்தது.

1999-2000 ஆய்வில் இந்த ஒழுங்கு கலைந்தது. சாப்பாட்டுச் செலவை ஏழு நாளுக்கும் முப்பது நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில், ஒரே வீட்டில் கேட்டார்கள். ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதைத் தொற்றிக்கொண்டது என்றார்கள் பொருளாதார நிபுணர்கள். 1993-94-ல் 36 சதவிகிதமாக இருந்த வறுமை 26 சதவிகிதமாகிவிட்டது என்று கணக்கு வந்தது. உண்மையிலேயே இத்தனை கோடிப் பேர் கரையேறினார்களா, கட்டத்தை மாற்றியதால் ஏறியவர்கள் எத்தனை என்று வருஷக் கணக்கில் வாதம் நடந்தது.

இது பண்டிதர்களின் சண்டை என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கட்டத்தில் எழுதப்படும் எண், பல கை மாறி, ரேஷன் கடை வாசலுக்கு வந்து சேருகிறது. 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு மானிய தானியம் என்பது 2011-12 நுகர்வு ஆய்வை வைத்துத்தான் வகுக்கப்பட்டது. அதன்படி டில்லிக்கு வைத்த உச்சவரம்பு சுமார் 72.78 லட்சம் பேர். அதற்கு மேல் ஒரு கார்டு என்றாலும், வேறொரு பெயர் கழிய வேண்டும். 2017-18 ஆய்வின் முடிவுகளைத் தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடுவதில்லை என அரசாங்கம் 2019 நவம்பரில் அறிவித்தது. ஆகவே 2011-12-க்கும் 2022-23-க்கும் நடுவே, தேசம் என்ன சாப்பிட்டது என்பதற்கு அதிகாரபூர்வமான கணக்கே இல்லாமல் போயிற்று.

கோபாலன் பட்டியலில் இல்லாதது

சாப்பிட்ட சாமானைக் கிலோவாக எழுதினால் மட்டும் போதாது. அதில் எவ்வளவு சத்து என்றும் தெரிய வேண்டும். அதற்கு நிபுணர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டி வந்தது ஒரு தமிழர் தலைமையில் தயாரான பட்டியல். சேலத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஹைதராபாதில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை உருவாக்கியவர்களில் முதல்வர். 1974 முதல் 1979 வரை டில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் டைரக்டர் ஜெனரல். பிறகு இதே நகரத்தில் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையைத் தொடங்கியவர். அரிசி, கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று நூற்றுக்கணக்கான இந்திய உணவுகளின் சத்தை அவரும் சகாக்களும் அளந்து வைத்தார்கள். கிராமத்தில் தலைக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று 1979-ல் நிபுணர் குழு வறுமைக்கோட்டுக்கு அளவு சொன்னபோது, கிலோவைக் கலோரியாக்க இத்தகைய பட்டியல்தான் தேவைப்பட்டது.

கேழ்வரகுக்குப் பட்டியலில் இடம் உண்டு. அட்டைப் பெட்டியில் வரும் பிட்ஸாவை என்ன செய்வது? எத்தனை கிராம் மைதா, எத்தனை கிராம் சீஸ் என்று வாங்கியவருக்கே தெரியாது. கொடுத்த ரூபாய் மட்டும்தான் தெரியும். ஓட்டல் தோசைக்கும் இதே கதை. இப்படி வெளியிலிருந்து வருவதற்கெல்லாம் தோராயமாகத்தான் கலோரி ஏற்ற வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கல் டில்லிக்காரர்களுக்கு உடனே புரியும். வீட்டு வேலைக்கு வரும் பெண் எஜமானி வீட்டில் மத்தியானம் சாப்பிட்டால், அந்தச் சோறு எஜமானி வீட்டுக் கணக்கில் ஏறிவிடும். பணக்காரர் நிஜத்தைவிட அதிகம் சாப்பிடுவதாகவும், ஏழை குறைத்துச் சாப்பிடுவதாகவும் தோன்றும். இதைச் சரிக்கட்டத்தான், யார் எத்தனை வேளை எங்கே சாப்பிட்டார்கள் என்று ஆய்வாளர் தனியாகக் கேட்கிறார். பொறுமையிழந்து கதவைச் சாத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரிவதில்லை.

2022-23 ஆய்வு இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்தது. கேள்விகளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதம் மூன்று தடவை போனார்கள். கிடைத்த எண்களைப் பார்த்தால் பழைய காலத்து நிபுணர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். நகரவாசியின் மாதச் செலவு சராசரி 6,459 ரூபாய். அதில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குப் போவது 3.64 சதவிகிதம்தான், பானங்களுக்கும் பதப்படுத்திய, தயார் உணவுகளுக்கும் போவது 10.64 சதவிகிதம். கிராமத்திலும் இதே போக்கு: தானியத்துக்கு 4.91, தயார் உணவு வகைகளுக்கு 9.62. இந்தியனின் தட்டில் அரிசியைவிட அதிகமாகப் பணம் தின்பது இப்போது காப்பி, டீ, பிஸ்கட், சமோசா, பிட்ஸா வகையறா.

இந்த நிலையில் சென்குப்தா இன்று மயூர் விகாரிலோ துவாரகாவிலோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வெளியே நின்று உப்பை வைத்து ஆள் எண்ண முயன்றால் திண்டாடித்தான் போவார். கடையில் வாங்கும் உப்பு குறைந்துவிட்டது. சாப்பிடும் உப்பு குறையவில்லை. அது சிப்ஸ் பாக்கெட்டிலும், ஊறுகாய் பாட்டிலிலும், பிட்ஸாவின் சீஸிலும் ஒளிந்துகொண்டு உள்ளே போகிறது. நாலு பேர் உள்ள வீடு, உப்புக் கணக்குக்கு இரண்டரைப் பேராகத் தெரியக்கூடும்.

ஆய்வுக்காரர்களும் இதை உணர்ந்தே கட்டங்களை அமைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு வாரம் மாறுகிற, சீக்கிரம் மறந்துவிடுகிற சாமான்களுக்கு ஒரு கால அளவு. நின்று நிதானமாகச் செலவாகிறவற்றுக்கு வேறொன்று. கதவைத் தட்டும் ஆய்வாளர் பிட்ஸா போன்ற தயார் உணவுகளுக்குக் கடந்த ஏழு நாள் கணக்கைக் கேட்கிறார். அரிசிக்கும் பருப்புக்கும், அவற்றோடு சேர்த்து உப்புக்கும், இப்போதும் முப்பது நாள்தான்.